மூச்சைப் பிடிக்காமல் ஒரு படம்

சனிக்கிழமை காலையில் பாத்திரம் தேய்ப்பது அப்பாவின் வேலை. அன்று அவருக்கு விடுமுறை. தபால் நிலையத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு அரை நாள் உண்டு. அம்மா தலை வாரிக்கொண்டிருக்க, அப்பா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு சமையலறைத் தொட்டி முன்னால் நிற்பார். டம்ளர்கள் ஒரு வரிசை, கிண்ணங்கள் ஒரு வரிசை, தட்டுகள் கடைசியில். கழுவிய தட்டை இரண்டு விரலால் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே காட்டி, தண்ணீர் சொட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். எக்ஸ்ரே பிலிமைக் கழுவித் தொங்கவிட்டே பழகிய கை.

“என்ன, எலும்பு ஏதாவது முறிஞ்சிருக்கா?” என்று அம்மா சீப்பைப் பல்லில் கடித்தபடி கேட்பாள்.

“லேசா ஒரு கீறல். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல.”

“அப்ப தட்டை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. எனக்கு நேரமாச்சு, சாப்பிடணும்.”

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தரைத்தளத்து நடைவழியின் கடைசியில் அவருடைய அறை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே சுவரோடு சேர்த்து, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை. சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டுச் சில நாள் நான் அந்த நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கதவு மூடியிருந்தாலும் அப்பாவின் குரல் கேட்கும்: “தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... பிடிங்க... ம், விடுங்க.” வெளியே பெஞ்சில் இருப்பவர்களும் சேர்ந்து மூச்சைப் பிடித்து விடுவார்கள். நானும்தான். ஒரு நாளைக்கு நாற்பது பேர், முப்பத்திரண்டு வருஷம். பிலிம் கழுவும் மருந்தில் அவருடைய நகங்கள் பழுப்பேறிப்போயிருந்தன. விரல்களில் எப்போதும் புளித்த ஒரு வாசனை. இன்றைக்கு எங்காவது அந்த வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தொழில் அவரை விடவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து என் காதில், “வலது தோள் அரை அங்குலம் இறக்கம்,” என்பார். “உங்களைக் கேட்டாங்களா?” என்று அம்மா முழங்கையால் இடிப்பாள்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் என் கல்லூரிக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாணவர்களுக்கான புகைப்பட வகுப்பில் சேர்ந்தார்.

நான் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்குப் புகைப்பட வகுப்பு, ஆறு மாதம், குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். இரவு சாப்பிடும்போது நான் அதைச் சொல்லிப் புலம்பினேன். ஓர் ஆள் குறைந்ததால் வகுப்பையே விட்டுவிடப் போகிறார்கள் என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “வெளியாள் சேர்த்துப்பாங்களா?”

“யாரு?”

“சும்மா கேக்கறேன்.”

“இடம் இருந்தா பெற்றோர் சேரலாம்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கு,” என்று சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இருபது வருஷமா படம் எடுத்துட்டுத்தானே இருக்கீங்க? இன்னும் என்ன கத்துக்கணும்? பாம்புகூட ஒரு தடவை படமெடுக்கக் கத்துக்கிட்டா அதோட நிறுத்திக்குது.”

“பாம்பு எக்ஸ்ரே எடுக்கறதில்லையே,” என்றார் அப்பா.

“விஷம் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை எனக்குச் சொன்னவள் பெரியம்மா.

கல்யாணப் பேச்சு நடந்தபோது அம்மாவின் படம் ஒன்று அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறது. எடுத்த ஸ்டூடியோக்காரர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மூக்கோரத்து மச்சத்தை மையால் மறைத்து, பென்சிலால் புருவத்தை நீட்டி, தாடையைக் கொஞ்சம் சீவிவிட்டிருந்தார். கல்யாணம் முடிந்த அந்த வாரம், உறவுக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், அம்மா தண்ணீர்ச் செம்போடு உள்ளே வர, அப்பா கேட்டாராம்: “பொண்ணு வந்தாச்சு, சரி. போட்டோவுல இருந்தவங்க எப்ப வருவாங்க?” கூடமே சிரிப்பில் அதிர்ந்ததாம். அம்மாவும் சிரித்தாளாம். அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது; இத்தனை பேரைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று குளிர்ந்துபோயிருப்பார்.

அதற்குப் பிறகு அம்மா எந்தப் படத்துக்கும் நின்றதில்லை. எந்தக் கல்யாணத்திலும் எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரத்துக்கு அவளுக்கு மட்டும் பந்தியில் ஏதாவது வேலை வந்துவிடும். தபால் நிலைய அடையாள அட்டைக்காக ஒரே ஒரு முறை எடுத்தது உண்டு. அதையும் கவிழ்த்துத்தான் மாட்டிக்கொள்வாள். அப்பா பல தடவை சமாதானம் சொல்லிப் பார்த்தார். “அதான் அன்னைக்கே சிரிச்சிட்டேனே,” என்று அம்மா முடித்துவிடுவாள்.

மறு சனிக்கிழமை, பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா என்னோடு கல்லூரிக்கு நடந்தார். நான் நாலடி முன்னால் நடந்தேன். எனக்கு வயது பதினெட்டு.

சொல்லிக்கொடுக்க வந்த மேடத்துக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஒரு பத்திரிகைக்குப் படம் எடுப்பவர். வந்ததுமே ஒரு பிலிம் சுருளை மேஜைமேல் நிறுத்தி, “இதுல முப்பத்தாறு இருக்கு. முப்பத்தேழு கிடையாது. புரியுதா?” என்றார். அன்று மத்தியானத்துக்குள் அவருக்கு ‘முப்பத்தாறு’ என்று பெயர் வைத்துவிட்டோம். அவர் கேள்வி கேட்டால் அப்பா எழுந்து நின்று பதில் சொல்வார். “உட்காருங்க சார்,” என்று அவரும் ஒவ்வொரு முறையும் சொல்லி அலுத்துப்போனார்.

கேமராக்கள் ஆறுதான். இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒன்று தந்தார்கள்; கனத்த கறுப்புக் கேமரா, தோல்வாரில் யாரோ பேனாவால் ஒரு மீனை வரைந்திருந்தார்கள்.

முதல் மாதம் வெளிச்சம் பற்றிய பாடம். உள்ளே வெளிச்சத்தை விடும் துவாரத்தின் எண் பெரிதானால் துவாரம் சிறிது. எண் சிறிதானால் துவாரம் பெரிது. மற்ற எல்லோருக்கும் இது தலைவலி. அப்பா அன்று இரவே ஒரு வடிகட்டியையும் கண் கரண்டியையும் விளக்குக்கு எதிரே பிடித்து அம்மாவுக்கு விளக்கினார்.

“எண் பெருசு, ஓட்டை சின்னது. அதானே?” என்றாள் அம்மா. “எல்லாத்தையும் தலைகீழா வெச்சிருக்காங்க. உங்க ஆஸ்பத்திரி ஆளுங்கதான் கண்டுபிடிச்சிருப்பாங்க. கரண்டியைக் குடுங்க, எண்ணெய் காயுது.”

முதல் சுருளைக் கழுவிப் பார்த்த நாள் மறக்காது. ஒரு சுருளில் இருக்கும் எல்லாப் படங்களையும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் போட்டு மேடம் மேஜைமேல் பரப்பினார். என்னுடையவை கலங்கலாக இருந்தன. பாதியில் என் விரலும் வந்திருந்தது. அப்பாவுடையவை கத்தி மாதிரி கூர்மை. ஆனால் அதில் இருந்த ஒவ்வோர் ஆளும் நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் உப்பி, கண் பிதுங்க நின்றிருந்தார். காவலாளி, நூலகக்காரர், டீக்கடைக்காரர், என் தோழி, எல்லோரும் ஏதோ திருட்டுப் பழி சுமத்தப்பட்டவர்கள் மாதிரி.

“சார், இவங்க எல்லாரும் ஏன் இப்படி முழிக்கறாங்க?” என்றார் மேடம்.

அப்பா எழுந்து நின்றார். “நான்தான் மூச்சைப் பிடிக்கச் சொன்னேன் மேடம்.”

“எதுக்கு?”

“ஆடக் கூடாதில்ல?”

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அவர் ‘மூச்சு சார்’. நான் மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அப்பா மட்டும் அந்தத் தாளைக் கையில் எடுத்து, ஒவ்வொரு முகமாக, ஏதோ நோயாளியின் படம் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது சட்டகத்துக்குள் ஆளை எங்கே வைப்பது என்ற பாடம். மேடம் கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு இழுத்தார்.

“மேடம், இந்த ஆட்டத்துல முதல்ல யாரு ஆடறது? பூஜ்யமா, பெருக்கலா?” என்றான் பின்வரிசை வாயாடி ஒருவன்.

“நீ ஆடாம உக்காரு. எல்லாரும் பாருங்க. ஆளை நட்டநடுவுல நிறுத்தாதீங்க. இந்தக் கோடுங்க வெட்டிக்கற இடம் நாலு இருக்கு, அதுல ஒண்ணுல வைங்க. அவங்க எந்தப் பக்கம் பாக்கறாங்களோ, அந்தப் பக்கம் இடம் விடுங்க.”

அப்பா கை தூக்கினார். “நடுவுல வெக்கலைன்னா திரும்ப எடுக்கச் சொல்லிடுவாங்களே மேடம்?”

“யாரு சார் சொல்லுவாங்க?”

“டாக்டர்.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை மேடமும் சிரித்துவிட்டார். “இங்க டாக்டர் கிடையாது சார். நோயும் கிடையாது. தைரியமா ஓரமா வைங்க.”

சொல்வது சுலபம். அப்பா கேமராவைக் கண்ணில் வைத்தால் கை தானாக நடுவுக்குப் போய்விடும். கல்லூரித் தோட்டத்தில் ஒரு வாளியை வைத்து மணிக்கணக்கில் பழகினோம். “அப்பா, நடுவுக்குப் போறீங்க,” என்பேன். “தெரியுது பாப்பா. கை கேக்க மாட்டேங்குது,” என்பார். அந்த நாட்களில் எப்போதோ நான் நாலடி முன்னால் நடப்பதை விட்டுவிட்டேன். எந்த வாரம் என்று நினைவில்லை. வாரில் ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூளி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இருட்டறையில் மட்டும் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கும்மிருட்டில் சுருளைப் பிரித்து ஏற்றுவார். மருந்தின் சூட்டை முழங்கையைத் தோய்த்தே சொல்லிவிடுவார். காலையில் மூச்சு சார் என்று கேலி செய்தவர்கள் மத்தியானம், “சார், என்னதையும் கொஞ்சம் பாருங்க சார்,” என்று கதவைத் தட்டுவார்கள்.

ஐந்தாம் மாதம் மேடம் கடைசிப் பயிற்சியைச் சொன்னார். “ஒரே ஒரு ஆள். ஜன்னல் வெளிச்சம் மட்டும். முகம் தெரிஞ்சா போதாது, ஆள் தெரியணும். ஒவ்வொருத்தரோட நல்ல படம் ஒண்ணை நூலகத்து வெராண்டாவுல மாட்டப் போறோம்.”

வரும் வழியில், எங்கள் தெருமுனை வந்ததும், “இதுக்குத்தான் பாப்பா சேர்ந்தேன்,” என்றார். யாரை எடுக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா சொன்ன கதை எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அம்மாவிடம் அன்றே கேட்டார். “வேற ஆளே கிடைக்கலையா? உங்க டீக்கடைக்காரரைக் கூப்பிடுங்க, அவர் நல்லா மூச்சுப் பிடிப்பார்,” என்றாள். அடுத்த வாரம் கேட்டார். “எனக்கு இருமல்,” என்றாள். அதற்கடுத்த வாரம் கேட்டபோது முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

அப்பா கேட்பதை நிறுத்தினார். கேட்பதை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு மேல் எங்கள் கூடத்து மேற்கு ஜன்னலில் வெயில் சாய்வாக விழும். அங்கே நாற்காலியைப் போட்டு, இரண்டு தலையணைகளை அடுக்கி, அதற்குத் தன் சட்டையை மாட்டி, மேலே ஒரு தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்து, அந்த ‘ஆளின்’ முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். திரையைக் கொஞ்சம் இழுப்பார். நாற்காலியை ஒரு சாண் நகர்த்துவார். நோட்டில் குறித்துக்கொள்வார். இரண்டு ஞாயிறு இது நடந்தது.

மூன்றாம் ஞாயிறு அம்மா தையல் பெட்டியோடு வந்து நின்றாள். என் பாவாடை ஓரம் பிரிந்து கிடந்தது.

“உங்க சொந்தக்காரரை எழுந்திருக்கச் சொல்லுங்க,” என்றாள் செம்பைக் காட்டி. “எனக்கு வெளிச்சம் இங்கதான் இருக்கு. நான் தைக்கணும்.”

அப்பா தலையணையை எடுத்தார். அம்மா உட்கார்ந்தாள். அப்பா தலையணையை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“நிக்கறீங்களே? நான் பாட்டுக்கு என் வேலையைப் பாக்கறேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க,” என்றாள் தலை நிமிராமல். “ஆனா ஒண்ணு. வெளியில ஒருத்தர் கண்ணுலயும் அது படக் கூடாது.”

“படாது.”

“எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக் காட்டறது, சிரிக்கறது, அதெல்லாம் ஆகாது.”

“சத்தியமா இல்ல.”

அப்பா ஸ்டூல்மேல் நாலு புத்தகத்தை அடுக்கிக் கேமராவை வைத்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் குனிந்து பார்ப்பது, நிமிர்வது, ஸ்டூலை இடப்பக்கம் தள்ளுவது எல்லாம் தெரிந்தது. நடுவிலிருந்து விலக்குகிறார்.

அம்மா ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கி, நூலை நாக்கில் தொட்டு நனைத்துக் கோர்க்கப் பார்த்தாள். முதல் தடவை நூல் வழுக்கியது. இரண்டாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியாமலிருக்குமா? யாரும் சொல்லாமலே, தோளைத் தூக்கி, அசையாமல், எந்த எக்ஸ்ரேக்காரனும் கேட்டு வாங்கவேண்டிய நிலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் அழுத்தவில்லை. போச்சு, விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நூல் ஊசியின் காதுக்குள் நுழைந்தது. அம்மா அதை இழுத்துவிட்டு மூச்சை விட்டாள், தோள் இறங்கியது, அந்தச் சின்ன ஊசியைப் பார்த்து, ‘வந்தியா வழிக்கு’ என்பதுபோல உதடு ஒரு பக்கம் கோணியது. அப்போது ‘டக்’ என்றது கேமரா.

“எடுத்தாச்சா? சொல்லவே இல்ல?” என்றாள் அம்மா.

“சொன்னா மூச்சைப் பிடிப்பே.”

மறு சனிக்கிழமை இருட்டறையில் அந்தப் படம் தாளில் ஏறுவதை நானும் பார்த்தேன். மருந்துத் தொட்டியில் முதலில் ஜன்னல் கம்பிகள் வந்தன. பிறகு கை. பிறகு, வலப்பக்க ஓரமாக, அம்மாவின் முகம், மச்சம், காதோரத்து நரை, அந்தக் கோணல் சிரிப்பு. அவள் பார்க்கும் பக்கம் அத்தனையும் வெளிச்சம். சிவப்பு விளக்கடியில் அப்பா அதை இடுக்கியால் மறைக்கப் பார்த்தார். ஒரே தொட்டி, பக்கத்தில் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

“சார், இது உங்க வீட்டுல அவங்களா?”

“ஆமா மேடம்.”

மேடம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இது நல்ல படம் சார். இந்த ஆறு மாசத்துல இங்க எடுத்ததுலயே நல்ல படம் இதான். வெராண்டாவுல முதல் படமா இதை மாட்டறோம்.”

அப்பா தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் எடுத்த படத்தை டாக்டர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ‘ம்’ என்பார்கள். அந்த ‘ம்’ எலும்புக்கு. எடுத்தவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ‘நல்ல படம்’ என்று யாரும் அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

“இது வேண்டாம் மேடம்,” என்றார். “வேற ஒண்ணு தரேன்.”

“வேற எதுவும் இது மாதிரி இல்லையே சார்?”

“இருக்கட்டும். இது வேண்டாம்.”

வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். “அம்மா காலேஜ் பக்கமே வரமாட்டாங்கப்பா. அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?”

“தெரியுதா தெரியலையாங்கறது இல்ல பாப்பா. சத்தியம் பண்ணியாச்சு.”

“மாட்டி வெக்கறது ஒரே ஒரு வாரம்தானேப்பா.”

“அன்னைக்குக் கூடத்துல நான் ஒரே ஒரு நிமிஷம்தான் பேசினேன்,” என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியின் பழுப்பு உறை ஒன்றில் படத்தை வைத்து அன்று மாலை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“ம்... ஓரங்கட்டிட்டீங்க என்னை.”

“அப்படித்தான் வெக்கணும். நீ பாக்கற பக்கம் இடம் விடணும்.”

“நான் பாக்கற பக்கம் ஊசிதான் இருக்கு. அதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?” என்று உறைக்குள் போட்டு, அலமாரியில் மடித்த துணிகளுக்கடியில் வைத்துவிட்டாள்.

அப்பா குளிக்கப் போனபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “மேடம் அந்தப் படத்தைப் பாத்துட்டாங்கம்மா. வகுப்புலயே இதான் நல்ல படம்னாங்க. வெராண்டாவுல முதல் படமா மாட்டணும்னு சொன்னாங்க.”

“பாத்துட்டாங்களா?” அம்மா திரும்பினாள். “ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாதுன்னு சொன்னேனே?”

“ஒரே தொட்டிம்மா. எங்க மறைக்கறது?”

அம்மா வெங்காயத்தை உரித்தாள். ஒன்று, இரண்டு. “என்னன்னு சொன்னாங்க? வெளிச்சம் நல்லா இருக்குன்னா?”

“எல்லாமே.”

“ம்.”

குளியலறைக் கதவு திறந்தது, நாங்கள் நிறுத்திக்கொண்டோம். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டதை நான் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு மறந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம். நானும் அப்பாவும் கிளம்ப நின்றபோது, ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்த அம்மா, பத்தே நிமிஷத்தில் முகம் கழுவி, கல்யாணங்களுக்கு என்று வைத்திருந்த நீல உடையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலைமுடியைப் பிரித்து மறுபடி பின்னியிருந்தாள்.

“நீயும் வர்றியா?” என்றார் அப்பா.

“ஏன், டிக்கெட் இருக்கா உள்ள வர?”

நூலக வெராண்டாவில் நல்ல கூட்டம். பன்னிரண்டு படங்களும் சுவரில் ஒரே உயரத்தில் மாட்டியிருந்தன. முதல் படம் என் தோழி எடுத்த பழக்காரம்மா. அம்மா அதன் முன் நின்றாள். அடுத்ததன் முன் நின்றாள். ஒருவன் தன் தங்கையை எடுத்திருந்தான். ஒருத்தி தன் நாயை. ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள், அவசரப்படுவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் எடுத்த பெரியம்மா ஏழாவது. “நல்லா இருக்கு. அக்கா இதைவிடக் கொஞ்சம் சிவப்பு,” என்று கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்பா இரண்டடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசிப் படம் தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி நடைவழிப் பெஞ்சு. அதில் சாத்திவைத்த மூன்று குடைகள், தரையில் கொஞ்சம் தண்ணீர். பெஞ்சு நட்டநடுவில் இருந்தது. கீழே சீட்டில் அப்பாவின் பெயர்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு சுவர் அதோடு முடிகிறதா என்று பார்த்தாள். திரும்பி, முதல் படத்திலிருந்து மறுபடியும் ஒரு முறை நடந்து வந்தாள்.

அப்போதுதான் மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டார். “நீங்கதானே? அந்த ஊசி! பாத்த உடனே தெரிஞ்சுது. சார்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன், உங்க படத்தை மாட்டவே மாட்டேன்னுட்டார்.”

“அப்படியா?” என்றாள் அம்மா. தபால் நிலையத்தில் கம்பிக்குப் பின்னாலிருந்து சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள். “அவர் அப்படித்தான்.”

அன்று நடக்காமல் பஸ் ஏறினோம்; அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா இரண்டு முறை ஏதோ சொல்லப் பார்த்தார். இரண்டு முறையும் பஸ் ஹாரன் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடை மாற்றவில்லை. கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் குவித்திருந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். அப்பா நிலைப்படியில் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

“மூணு குடை,” என்றாள் அம்மா.

“என்ன?”

“மூணு குடையைக் கொண்டுபோய் மாட்டியிருக்கீங்க. அதுவும் யாரோடதோ.”

“நீதானே சொன்னே? ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாதுன்னு.”

“சொன்னேன்.”

“சத்தியம்கூட வாங்கினே.”

“வாங்கினேன். இல்லைங்கலையே?” ஒரு தலையணை உறையை உதறி இரண்டாக மடித்தாள். “இருபது வருஷமா ஈரத் துண்டை நாற்காலியில போடாதீங்கன்னு சொல்றேன். வெளியே போகும்போது விளக்கை அணைங்கன்னு சொல்றேன். உங்க அக்கா வந்தா என் சமையலைப் பத்தி எதுவும் பேசாதீங்கன்னு சொல்றேன். ஒண்ணையாவது கேட்டிருக்கீங்களா? இதை மட்டும் ஏன் கேட்டீங்க?”

அப்பா அறைக்குள் ஓரடி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“அப்ப... மாட்டியிருக்கலாம்ங்கறியா?”

அம்மா மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் ஒதுங்கச் செய்து, அறையை விட்டு வெளியே போனாள்.